தயிரும் சர்க்கரையும்

சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் அத்தை, அப்பாவின் அக்கா. முழங்கைக்கு மேலே மணல் ஒட்டியது போல் பொடிப்பொடியாகப் புடைப்புகள். கற்றாழைக்கும் போகவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. இன்று தயிரில் சர்க்கரையைக் கொட்டி நறநறவென்று தேய்க்கிறாள். தோல் சிவந்து எரிகிறது. "எங்க பரம்பரையிலயே இது கிடையாதுடி. எல்லாம் உங்கம்மா வழி." பாத்திரம் துலக்கும் அம்மாவின் கையிலிருந்து கரண்டிகள் தொட்டியில் ணங்கென்று விழுகின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தயிர் வழிந்து நனைத்த தன் சட்டையின் முழுக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொள்கிறாள் அத்தை. அங்கேயும் அதே மணல், அதே இடத்தில். தொட்டியில் சத்தம் நின்றுவிடுகிறது. நான் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். "கையை நீட்டுங்க அத்தை. உங்க பரம்பரையையும் கொஞ்சம் தேய்ச்சுவிடறேன்."