மூன்று சுகப்பிரசவம்

“இருமினா, தும்மினா, சிரிச்சாக்கூட இவளுக்குக் கசியுது டாக்டர். கூட்டிட்டு நாலு இடம் போகவே கூச்சமா இருக்கு” என்று மாமியாரே ஆரம்பித்தாள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. நிறைய பேருக்கு வர்றதுதான்” என்றாள் பிசியோதெரபி டாக்டர். “எத்தனை பிரசவம்?”

“மூணு. மூணும் சுகப்பிரசவம்” என்று விலை சொல்லும் கடைக்காரரைப்போல மாமியார் முந்திக்கொண்டாள். “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு உடம்புல வலு ஏது?”

“சரி, சிறுநீரை அடக்குற மாதிரி அடித்தசையை உள்ளே இழுத்து இறுக்குங்க. மூச்சை அடக்காதீங்க. மெதுவா எண்ணிட்டுத் தளர்த்துங்க. இருமல் வர்ற மாதிரி இருந்தா, முன்னாடியே இறுக்கிடணும்.”

மருமகள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாமியாரின் உதடுகள்தான் எண்ணிக்கொண்டிருந்தன.

“சரியான தசையைத்தான் இறுக்குறீங்களான்னு நான் பார்க்கணும். திரைக்குப் பின்னால வந்து படுங்கம்மா.”

மருமகள் அசையவில்லை. மாமியார் முழங்கையால் இடித்தாள்.

“போடி, கூப்பிடுறாங்கல்ல?”

“நீங்களே போங்க அத்தை” என்ற மருமகள் டாக்டரிடம் திரும்பினாள். “நோயும் அவங்களுது, மூணு பிரசவமும் அவங்களுது டாக்டர். வீட்ல எனக்கு மலடின்னு பேரு. அவங்க பையனுக்கு வேற பொண்ணுகூடப் பார்த்தாச்சு. இங்க வந்ததும் மூணு பிள்ளை குடுத்துட்டாங்க.”

மாமியாருக்குப் புரையேறி இருமல் வந்தது. முன்னாடியே இறுக்க மறந்துவிட்டாள்.

மருமகள் வழக்கம்போலப் பையிலிருந்து மாற்றுத்துணியை எடுத்து நீட்டினாள்.