பின்பாரம்

“பின் ஸ்பிரிங்குக்கு இன்னொரு தகடு போடுங்கோ, லாபிர் பாஸ். வளைவிலை என்ரை எஸ்கோட் கார் வள்ளம் மாதிரி ஆடுது. பின்பக்கம் குந்துறதைப் பார்த்து, டிக்கிக்குள்ளை என்னவோ ஒளிச்சிருக்கு எண்டு ஆமிக்காரன் ஒவ்வொரு நாளும் மறிக்கிறான்,” என்றார் கராஜுக்கு வந்த புடவைக்கடைக் கனகசுந்தரம்.

“மூண்டு தகடு போட்டாச்சு, முதலாளி. அப்பிடி என்ன பாரம்?”

“இவள் என்ரை பெண்சாதி குணேஸ்வரிதான். சோத்தைக் குறை எண்டால் கேக்கிறாளில்லை.”

லாபிர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாலாவது தகட்டையும் பூட்டினார்.

அன்றும் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். டிக்கி வெறுமை.

“எல்லாரும் இறங்கு,” என்றான் புதிய சிப்பாய்.

குணேஸ்வரி இறங்கினாள். கார் அசையவில்லை. முழங்கால் வலியென்று ஒருநாளும் இறங்காத கனகசுந்தரத்தை இரண்டு பேர் பிடித்துப் பின்சீற்றிலிருந்து இழுத்தெடுத்தார்கள். காரின் பின்பக்கம் ஒரு சாண் எழும்பியது. சாவடியே சிரித்தது.

ஸ்டியரிங்குக்கும் அவருடைய வயிற்றுக்கும் இடையில் இடம் போதாமல் போனதிலிருந்து கார் ஓட்டுவது குணேஸ்வரிதான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“முழங்காலுக்கு நடை நல்லதாம். ஆறுதலாய் மெல்ல வாங்கோ. சோறு குறைச்சுத்தான் வைப்பன்.”

அன்புவழிபுரம் வளைவில் எஸ்கோட் துளியும் ஆடாமல் திரும்பி மறைந்தது. லாபிரின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதை நடந்துகொண்டே ஒப்புக்கொண்டார் கனகசுந்தரம்.