முதல் மிடறு

கடல் தரையைத் துளைத்து எடுத்த நல்ல தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஏந்தி வந்த அதிகாரி, கடல் நடுவே இருந்த துளைமேடைக்கு எல்லோரையும் ஏற்றி வந்த படகோட்டி கஸ்பாரிடம் நீட்டினார். "இதக் குடிக்கப்போற மொத மனுசன் நீதாம்பா." கேமராக்கள் நெருங்கின.

சங்கு குளித்த இருபது வருஷமும், தாகமெடுத்தபோதெல்லாம் இதே இடத்தில் முங்கி, அடிமணலில் ஊறும் இதே குளிர்ந்த நல்ல தண்ணீரில் வாய் வைத்தவன் கஸ்பார். அதை இந்தக் கூட்டத்திடம் சொல்லி வாயைக் கெடுத்துக்கொள்ள அவன் விரும்பவில்லை.

"குழாய் எந்தப் பக்கம் சார் போவுது?"

அதிகாரி வடக்கே, தொழிற்சாலைப் புகைபோக்கிகளைக் காட்டினார். தெற்கே இருந்தது கஸ்பாரின் ஊர். அங்கே எட்டு நாளைக்கு ஒரு தண்ணீர் லாரி.

கஸ்பார் தம்ளரை வாயில் கவிழ்த்து, கேமராக்களைப் பார்த்தபடி நிதானமாகக் கொப்பளித்து, கடலில் துப்பினான்.

"வாய் கொப்பளிக்க ஆவும் சார்."