அதே ஆமை

வலையில் கடலாமை சிக்கினால், வலையை அறுத்து அதை விட்டுவிட வேண்டும். படம் எடுத்து அனுப்பும் மீனவருக்கு, ஆமைகளைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று புது வலை தரும். தமிழ்நாட்டிலிருந்து வரும் படங்களைச் சரிபார்ப்பது, அதன் புனே விமான் நகர் அலுவலகத்தில் ரீனாவின் வேலை.

தூத்துக்குடி மீனவர் லூர்துவின் மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எரிச்சலோடு போன் செய்தாள்.

“மூணு படத்துலயும் ஒரே ஆமை. ஓட்டுல அதே உடைசல். யாரை ஏமாத்தறீங்க?”

“அதே ஆமைதான் மேடம். எத்தன தடவ விட்டாலும் என் வலைக்கே திரும்பி வருது. நான் என்ன செய்ய?”

“நல்லா கதை விடறீங்க! தொட்டியில அடைச்சு வெச்சுப் படம் எடுக்கறீங்க. இனிமே உங்களுக்கு வலை கிடையாது.”

மேனேஜர் ராகவேந்திரா, “ஷாபாஷ் ரீனா!” என்று எல்லார் முன்னிலையிலும் கைதட்டினார்.

பத்து நாள் கழித்து லூர்துவே கூப்பிட்டார்.

“நேத்தும் வந்துட்டு மேடம். இருக்கிறது ஒரே வலை, அறுக்க மனசு வரல. கண்ணி கண்ணியா சிக்கெடுத்தேன். அதுக்குள்ள மூச்சு நின்னுட்டு. இனி உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

அவர் அனுப்பிய படத்தில், அதே உடைசலோடு ஆமை மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் விரித்திருந்த வலையில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை.