எழுபத்தொரு கிலோ

நுரையீரலில் தொடங்கி எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோய்க்கு அந்தப் புது மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். ஆளின் எடைக்குத் தக்க அளவு. நான்கு முறை ஏற்றியதில் மனிதர் பாதியாகிப்போனார். தையல்காரியான மனைவி ஒவ்வொரு முறையும் அவருடைய சட்டையைப் பிடித்துத் தைத்தாள். மருத்துவமனையின் எடை மெஷின் மட்டும் முதல் நாள் காட்டிய எழுபத்தொன்றையே காட்டிக்கொண்டிருந்தது.

“என் சட்டைய நிறுத்துப் பாருங்க சிஸ்டர், அதுவாவது உண்மைய சொல்லும்,” என்றார் அவர்.

நர்ஸ் தானே ஏறிப் பார்த்தாள். அவளுடைய எடை சரியாக இருந்தது. பக்கத்து வார்டு மெஷினைக் கொண்டுவந்தார்கள். அதிலும் அவருக்கு எழுபத்தொன்று.

“இன்னிக்காவது குறைச்சு ஏத்துங்க சிஸ்டர். போன தடவையே செத்துப் பொழைச்சாரு. தினம் தூக்குறவ நான், எனக்குத் தெரியாதா?”

“எனக்கும் கண்ணு இருக்கு அக்கா. டாக்டர் சீட்டைத்தான் பாப்பாரு, ஆளைப் பாக்க மாட்டாரு.”

மனைவி கணவரை மெஷினிலிருந்து கைக்குழந்தைபோல வாரியெடுத்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். ஆளில்லாத மெஷினில் எழுபத்தொன்று அப்படியே நின்றது. நர்ஸ் அதைப் பார்த்தே எழுதிக்கொண்டு, முழு அளவு மருந்துக்குக் கையெழுத்து வாங்கப் போனாள்.

சற்று நேரத்தில் அந்த எண் பூஜ்யமானது. மனைவி நாற்காலியைத் தள்ளினாள். அது அசையவில்லை.

“அவனைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு,” என்றார் கணவர், நாற்காலியின் ஒரு ஓரமாக ஒடுங்கிக்கொண்டு.