வயதுக்கு எண் மட்டும்

திருமண இணையதளத்துக்குள் நுழைந்தவரின் விவரங்களை, அவர் வெளியேறும்வரை செஷன் என்ற தற்காலிகப் பதிவு நினைவில் வைத்திருக்கும். அதில் கண்டதையும் போட்டு வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த புரோகிராமர்தான் அதை ஒழுங்குபடுத்தினாள். பெயருக்கு எழுத்து, வயதுக்கு எண் மட்டும். அது அவளுடைய முதல் வேலை.

மதியமே டீம் லீடர் வந்து நின்றார்.

"பழையபடி மாத்திடும்மா. ஒருத்தரால லாகின் பண்ண முடியல."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஏன் சார்?"

"வயசுல 'நேர்ல சொல்றேன்'னு எழுதியிருக்காங்க."

"யாரு சார் அந்த மன்மதன்?"

அவர் காது சிவந்தது. நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க அக்கவுண்ட்டா சார்?"

"சேச்சே! எங்கம்மாவோடது."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பா போய் ரொம்ப வருஷமாச்சு. எனக்குப் பொண்ணு பாத்தது போதும், உனக்குப் பாத்துக்கோன்னு நான்தான் சேர்த்துவிட்டேன். இப்ப ஒருத்தர் பேசணுங்கிறார்."

"பழையபடி வேண்டாம் சார். எண் இருக்கலாம், இல்லேன்னா காலியா இருக்கலாம்னு வச்சுடறேன். வயசைச் சொல்லாதவங்களும் உள்ள வரட்டும்."

"சீக்கிரம்மா. அவர் சாயந்தரம்தான் நம்ம தளத்துல வீடியோல வராராம். அம்மா காலையிலேயே தலைவாரி உக்காந்தாச்சு."