நாற்பதைத் தாண்டாதே

“ஸ்பீடு ஏத்தற அந்த எஞ்சின் கிட்டு இந்த வண்டிக்குச் சேராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா அவரு கேப்பாரு.”

கம்பெனிச் சீருடையோடு நின்றிருந்தாள் சௌந்தர்யா. ஒரகடத்திலிருந்து வந்த ஷிப்ட் பஸ்ஸை வல்லக்கோட்டை ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி, நேராக மெக்கானிக் டில்லிபாபுவின் ஷெட்டுக்கு வந்திருந்தாள்.

டில்லிபாபு நிமிராமல் விரல்களில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சேருதே தங்கச்சி, அதான் பிரச்சினை. பெரிய பிஸ்டன், பெரிய சிலிண்டர். நூத்திப் பத்து சிசி ஸ்கூட்டரு நூத்தி அம்பதா ஆயிடும். இருக்கறதுலயே பெரிய சைஸா பார்த்து பெங்களூர்லேர்ந்து வரவழைச்சிருக்காரு உன் வூட்டுக்காரரு.”

“போன வருஷம் படப்பை ரோட்டுல விழுந்தவருண்ணா. கால்ல இன்னும் பிளேட்டு கீது. ஞாயித்துக்கெழமை காலைல லைன்ல வேலை செய்யற பசங்களோட ரேஸாம். மூணு நாளா எனக்கு சோறு எறங்கல.”

“அவரு இன்னா சொல்றாரு?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருன்னு கத்தறாரு. மாட்டிட்டீங்களாண்ணா?”

“வண்டி காலைலயே ரெடியாயிடுச்சும்மா.”

சௌந்தர்யா கிடந்த ஒரு டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு டிரெய்லர் போயிற்று. நம்பர் பிளேட் இல்லாத அந்தக் கார்கள், எங்கே போகிறோம் என்றே தெரியாமல் கூட்டிச் செல்லப்படும் பயணிகள் மாதிரி இருந்தன. அது கடந்து போனதும் ஒரு பைக் ஷெட்டை நோக்கித் திரும்பியது. மூன்று பேர். நடுவில் அவள் கணவன் பிரவீன்குமார்.

“ஐயோ, என்னைப் பார்த்தாருன்னா, பசங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டேம்பாரு.”

“டயர் அடுக்குக்குப் பின்னாடி போய் நில்லு. இன்னா காதுல விழுந்தாலும் நான் கூப்பிடாம வராதே.”

பிரவீன்குமார் காலைச் சற்றுச் சாய்த்துச் சாய்த்து உள்ளே வந்தான். பின்னால் ரஞ்சித்தும், திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நெல்லையப்பனும்.

டில்லிபாபு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தார். தகரக் கூரை அதிர்ந்தது.

“ஏல, ஆமைக்கு றெக்கை மொளைச்சிட்டுல்லா,” என்றான் நெல்லையப்பன்.

“ஞாயித்துக்கெழமை ஆறு மணி மச்சி. தூங்கிடாதே,” என்றான் ரஞ்சித்.

“எனக்கு இன்னா பயம்? நீங்க என் பின்னாடி வந்தாப் போதும்,” என்றான் பிரவீன்குமார்.

டயர்களுக்குப் பின்னால் சௌந்தர்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

டில்லிபாபு எஞ்சினை அணைத்தார். “எந்த ஞாயித்துக்கெழமை? புது பிஸ்டன் போட்டா அதும் சிலிண்டரும் ஒண்ணோட ஒண்ணு பழக வேணாமா? ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதைத் தாண்டக்கூடாது. தாண்டினா நடு ரோட்டுல பிஸ்டன் சூடாயி இறுகிப் புடிச்சிக்கும். ஆளு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.”

“இதை முன்னாடியே சொல்ல மாட்டியாணா?” பிரவீன்குமார் சீட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். “பசங்களுக்கு வாக்கு குடுத்துட்டனே.”

“ஆயிரமா? வேலைக்கும் வீட்டுக்குமா ஓட்டுனா ரெண்டு மாசம்லா ஆவும்,” என்றான் நெல்லையப்பன்.

“அப்புறம் ஆயில் மாத்திட்டு இன்னொரு ஆயிரம்,” என்றார் டில்லிபாபு.

“உனக்குப் புள்ள பொறந்து அது ரேஸுக்கு வரும்டா,” என்று ரஞ்சித் சிரித்தான். “வுடு மச்சி. எஞ்சின் போச்சுன்னா வராது. நாங்க டீக்கடையில இருக்கோம்.” இருவரும் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சௌந்தர்யா மூச்சு விட்டாள். பாதி மூச்சுதான் வந்தது. நாலு மாசத்துக்குப் பயமில்லை. அதுக்கு அப்புறம்?

பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிரவீன்குமார் ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் மெல்ல உட்கார்ந்து, பிளேட் வைத்த காலை நீட்டிக்கொண்டான்.

“சத்தம் எப்பிடிணா வந்துது?”

“சைலன்சர் உள்ளேர்ந்து ஒரு தகட்டை எடுத்துட்டேன், அவ்ளோதான்.” டில்லிபாபு டயர் அடுக்கின் பக்கம் திரும்பி, சற்று உரக்கவே சொன்னார். “நீ கெஞ்சிக் கேட்ட மாதிரியே கிட்டுப் பொட்டியைப் பிரிக்கவே இல்ல. ஓடறது உன் பழைய பிஸ்டன்தான்.”

“மெதுவா பேசுணா. விழுந்ததுலேர்ந்து அம்பதைத் தொட்டாலே எனக்குக் கை நடுங்குதுன்னு சௌந்தர்யாவுக்குத் தெரிஞ்சா, அது என்னைப் பத்தி இன்னா நெனைக்கும்?”